இரண்டு தேக்கரண்டி புற்றுமண் தண்ணீர்

2024 ஜூன் 20, வியாழக்கிழமை, காலை 5 மணி 40 நிமிடம். வானம் மூடிக் கிடந்தது, மழை இல்லை. மேற்கிலிருந்து காற்று. அந்த மாதத்தில் கடையநல்லூர்ப் பக்கம் சாரல் விழும். சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்வதற்குள் அதில் தண்ணீர் தீர்ந்துபோய்க் காற்று மட்டும் மிஞ்சும். மாடியில் காயப்போட்டிருந்த ஆறு துணிகளில் இரண்டு பக்கத்து வீட்டுத் தகரத்தில் கிடந்தன. நான் அடுக்களை விளக்கைப் போட்டு, ஒரு டம்ளரில் இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகைப் புற்றுமண்ணைப் போட்டுக் கலக்கி, என் மனைவியின் வாயில் ஊற்றினேன். அவளுக்கு அறுபத்தெட்டு வயது. எனக்கு எழுபத்து மூன்று.

நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், ஊற்றும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எதைச் செய்தாலும் மணி பார்ப்பது என் பழக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் விளைந்த நெல்லை மட்டும் தனியாக அறுத்து, அடித்து, எடை போட்டு எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அதை வைத்துத்தான் வட்டாரத்தின் விளைச்சலைக் கணக்கிடுவார்கள். கயிற்றை அவிழ்க்காமலே டீக்கடையில் உட்கார்ந்து எடையை எழுதியவர்கள் உண்டு. நான் எழுதியதில்லை. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு தடவை முழங்கால் சேற்றில் நான் கயிற்றை மூன்றாவது முறையாக அளந்துகொண்டு நின்றபோது, வயல்காரர் வரப்பில் நின்று, "அண்ணாச்சி, நீங்க அளந்து முடிக்கதுக்குள்ள அடுத்த பூ நெல்லே வெளஞ்சிரும். மேல வாங்க" என்றார். கூலியாட்கள் சிரித்தார்கள். நான் நான்காவது முறையும் அளந்துவிட்டுத்தான் ஏறினேன்.

ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. படிகளை எண்ணுவேன், மாத்திரைகளை எண்ணுவேன், பேருந்தில் நிற்பவர்களை எண்ணுவேன். மனைவி நாற்பத்தாறு வருடமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டு வருகிறாள்: "எண்ணி என்னத்தக் கண்டிய?"

மே மாதக் கடைசியில் அவளுக்கு அரிப்பு தொடங்கியது. முதலில் உள்ளங்கை, பிறகு உள்ளங்கால், பிறகு உடம்பு முழுவதும். சோப்பை மாற்றினோம். தலையணை உறையை வெந்நீரில் அலசினோம். பன்னிரண்டாம் நாள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. உள்ளூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக்குழாயில் கல்.

"பித்தப் பையத்தான் பதினோரு வருசத்துக்கு முன்னாலயே அறுத்து எடுத்தாச்சே. பெறவு கல்லு எங்கன இருந்து வருது?" என்று மனைவி அந்த டாக்டரிடம் கேட்டாள். ஏமாற்றிவிட்டார்கள் என்கிற தொனியில்தான் கேட்டாள்.

"பை போனாலும் குழாய் இருக்குல்லாம்மா. ஈரல்ல இருந்து பித்தம் வாற குழாய். அதுக்குள்ள கட்டியிருக்கு" என்று அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நான்கு கற்கள். பெரியது பதினொரு மில்லிமீட்டர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக ஒரு குழாயைச் சிறுகுடல் வரை இறக்கி, பித்தக்குழாய் வந்து திறக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கீறல் கொடுத்து, கம்பிக்கூடை போன்ற ஒன்றை உள்ளே அனுப்பிக் கல்லைப் பிடித்து இழுத்துவிடலாம். காலையில் வந்தால் மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் தள்ளிப்போடக் கூடாது. அடைப்பு நீடித்தால் பித்தம் தேங்கிச் சீழ் பிடிக்கும், அது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கு ஆபத்து. இதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு வரச் சொன்னார்கள். முந்தின இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்றார்கள். நான் அதைக் காலண்டரில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

புதன்கிழமை மாலை பக்கத்து வீட்டு அம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு, அங்கே பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண்ணை நோட்டுத் தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் எந்த வியாதிக்கும் டாக்டருக்கு முன்னாலோ பின்னாலோ அது உண்டு. நெற்றியில் பூசி, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வார்கள்.

"நாளைக்குப் பொறப்படும்போது ஒரு துளி வாயில போட்டுட்டுப் போங்க மதினி. எங்க மாமனாருக்குப் பாம்பு கடிச்சப்பமே இதுதான் குடுத்தது."

"பெழச்சாரா?" என்று கேட்டேன்.

"பெழைக்காம? அதுக்குப் பெறவு மூணு வருசம் இருந்தாருல்லா. லாரியில அடிபட்டுத்தான் போனாரு."

எனக்குக் கோயில் பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. மறுநாள் காலை மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மண்ணக் குடுங்க" என்றபோது, "பத்து மணிக்கு மேல ஒண்ணும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்லா" என்றேன்.

"சோறா கேக்குதேன்? மண்ணுதான."

அவள் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. கையில் சொறிந்த கோடுகள். இரவு முழுவதும் அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் தூங்கவில்லை. மண் உணவு அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரி என்றுதான் பட்டது. வறட்டு மண்ணை விழுங்க முடியாது, அதனால் தண்ணீர். இருமல் மருந்துக்கு வைத்திருக்கும் ஐந்து மில்லிக் கரண்டியால் இரண்டு கரண்டி. பத்து மில்லி. அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

கார் 6.05க்குக் கிளம்பியது. ஓட்டியவன் எங்கள் தெருக்காரன். பனவடலிசத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். நான் வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன்.

"அம்மா, சார் என்ன முணுமுணுக்காங்க? மந்திரமா?" என்றான் அவன்.

"மந்திரமா? காத்தாடி எண்ணுதாங்க. எத்தன சுத்துது, எத்தன நிக்குதுன்னு."

"அதுக்கு யாரும் சம்பளம் குடுக்காங்களா?"

"குடுத்தா எண்ணுறத நிறுத்திருவாங்க."

அவன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். நாற்பத்தொன்று. அதில் முப்பத்தேழு சுற்றின. அதற்குப் பிறகு பல நாளைக்கு அவள் வாயிலிருந்து கேலி என்று ஒன்று வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பத்தொன்பது கேள்விகள். பன்னிரண்டாவது: கடைசியாக உணவோ நீரோ உட்கொண்ட நேரம். '19.6.2024, இரவு 9.50. இட்லி மூன்று, தண்ணீர் ஒரு டம்ளர்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவா யாரும் எழுதுறதில்ல சார்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மண் ஞாபகம் வந்ததா என்றால், வந்தது. பேனா அந்தக் கேள்வியில் நின்றபோதே வந்தது. மண் உணவு அல்ல என்று மறுபடியும் சொல்லிக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டரை மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். நான் எழுதிய படிவம் அவர் கையில் இருந்தது. "வாயைத் திறங்கம்மா, ஆடுற பல் இருக்கான்னு பாக்கணும்" என்று டார்ச் அடித்தார். அடித்தவர் குனிந்து பார்த்தார். நாக்கின் நடுவில் பழுப்பாக ஒரு கோடு. கடைவாய்ப் பல் இடுக்கில் மண்.

"என்னம்மா இது?"

நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். மனைவி முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டர் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"கோயில் மண்ணு. நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"எப்போ?"

"பொறப்படும்போது."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? ஸ்பூன் அளவா, கைப்பிடியா?"

"கையில வந்த அளவு."

"தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எவ்வளவு?"

"எண்ணியா குடிப்பாங்க? தாகத்துக்குக் குடிச்சேன்."

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள். அளவும் அவளுக்கு வராது. சோற்றுக்கு உலை வைப்பதிலிருந்து பால்காரன் கணக்கு வரை எல்லாம் கண்மதிப்புத்தான். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"நான் கார் வந்திருச்சான்னு பாக்க வாசலுக்குப் போயிருந்தேன்" என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு இரண்டு வினாடிகூட ஆகவில்லை.

பத்து நிமிடம் கழித்துக் கல் எடுக்கும் டாக்டரே வந்தார். யாரும் சத்தம் போடவில்லை. "எவ்வளவு உள்ள போயிருக்குன்னு தெரியலை. காய்ச்சல் ஒண்ணும் இல்ல. இந்த நிலைமையில ரிஸ்க் எடுக்க வேண்டாம். நான் பதினொன்றரைக்கு நாகர்கோவில் போகணும். நாளைக்குக் காலையில மொத ஆளா இவங்களத்தான் எடுக்கேன்" என்றார். அவர்கள் செய்தது சரி. கையில் இருந்த விவரத்தை வைத்து வேறு முடிவுக்கு வர முடியாது. விவரம்தான் தப்பு. தெருவுக்குத் தெரு அலைந்து ஆட்டையும் கோழியையும் எண்ணி எழுதிய காலத்தில்கூட ஒரு கோழியை நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

இரண்டாவது மாடியில் ஓர் அறை. முப்பத்தாறு படிகள். லிஃப்ட் இருந்தது, நான் படியில் ஏறினேன். அவள் கட்டிலில் படுத்திருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"ஒங்க கையெழுத்துப் போட்ட தாளு அந்தம்மா கையில இருந்துச்சுல்லா. ஏசியிருப்பாங்க."

"ஏசினா ஏசிட்டுப் போறாங்க."

"ஆமா, நீங்க தாங்கிருவிய." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஒரு நாளுதான. கல்லு என்ன ஓடியா போயிரும்?"

கீழே போய் அந்த டாக்டரிடம் உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. மணி 9.20. நாகர்கோவில் போவதற்கு இரண்டு மணி பத்து நிமிடம் இருந்தது. நான் அந்த அறையின் மேற்கூரையில் ஒட்டியிருந்த சதுரப் பலகைகளை எண்ணினேன். ஐம்பத்து நான்கு. ஒன்றில் ஈரக்கறை.

மாலை 3.25க்கு அவள், "குளிருதுங்க. ஃபேன அமத்துங்க" என்றாள். அமர்த்தினேன். போர்வையைப் போர்த்தினேன். பையில் இருந்த என் மாற்று வேட்டியையும் மேலே போட்டேன். கட்டில் கடகடவென்று ஆடியது. அப்படி ஓர் உடம்பு நடுங்கி நான் பார்த்ததில்லை. பல் அடித்துக்கொண்டதில் அவள் சொன்னது எதுவும் புரியவில்லை. மணியை அடித்தேன். நடுக்கம் பதினெட்டு நிமிடம் இருந்தது. பிறகு காய்ச்சல் நூற்று மூன்று. ரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. 4.10க்கு ஐசியுவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"சீழ் பிடிச்சு ரத்தத்துல கலந்திருக்கு சார்" என்றார் அங்கிருந்த டூட்டி டாக்டர். "அடைப்ப எடுத்தாத்தான் மருந்து கேக்கும். பெரிய டாக்டருக்குப் போன் பண்ணியாச்சு, திரும்பி வந்துக்கிட்டு இருக்காங்க. நிலைமை கொஞ்சம் மோசம்தான். உங்க பிள்ளைகளுக்குச் சொல்லிருங்க." நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

"காலையிலயே முடிஞ்சிரும்னு சொன்னியளே அப்பா? ஏன் தள்ளிப் போட்டாங்க?"

"ஒங்கம்மா மண்ணத் தின்னுட்டா."

"அம்மாவா?" என்றாள். "நீங்க எங்க போனிய?"

"வாசல்ல நின்னேன்" என்றேன். இரண்டாவது தடவை சொன்னபோது இன்னும் சுலபமாக வந்தது.

ஐசியுவுக்கு வெளியே ஒரு தட்டு நிறையச் செருப்புகள். எண்ணினேன். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். அதேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கடையநல்லூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் என்னைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஒத்தச் செருப்பத் தேடுதியளா? அது என் தம்பி செருப்பு. இன்னொண்ணு ஆம்புலன்ஸ்ல இருந்து ரோட்டுல விழுந்துட்டு" என்றாள். "உங்க வீட்டம்மாவுக்கு என்ன?"

"பித்தக்குழாயில கல்லு."

"கல்லுக்கா இங்கன கொண்டாந்தாங்க? எங்க கொழுந்தியாளுக்கும் எடுத்தாங்களே. காலையில போயி மறுநா வந்துட்டா."

அவள் கையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "தின்னுங்க. அல்லா லேசாக்குவான்." வாங்கித் தின்றேன். இனிப்பா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் முழுவதையும் தின்றேன்.

அழுகை வரவில்லை. பயம் என்றும் சொல்ல முடியாது. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ போல ஆகிவிடுமே, தொட்டால் கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது, அப்படி இருந்தது. அது அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் 6.50க்கு வந்தார். 7.15க்கு உள்ளே கொண்டுபோய் 7.38க்கு வெளியே கொண்டுவந்தார்கள். "கல்லத் தொடலை" என்றார் அவர், முகமூடியைக் கழற்றியபடி. "இப்ப அதுக்கு அவங்க உடம்பு தாங்காது. சீழ் வடியறதுக்கு ஒரு சின்னக் குழாய் மட்டும் வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்." அவர் சட்டை முதுகில் முழுக்க வியர்த்திருந்தது. நாகர்கோவிலில் இருந்து எவ்வளவு நேரத்தில் வந்தார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நான்கு நாள் ஐசியு. மகள் மறுநாள் வந்துவிட்டாள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். ஆளாளுக்கு ஒரு வேளை என்று பிரித்துக்கொண்டோம். இரண்டாம் நாள் நான் போனபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எடை கொறையுதே, எடை கொறையுதே" என்று யாரோ கடைக்காரனிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். தராசைச் சரி செய்துவிட்டேன் என்றேன். அவள் கேட்கவில்லை. கால் பெருவிரலைப் பிடித்துப் பார்த்தேன். சுட்டது.

மூன்றாம் நாள் மாலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"என்ன எண்ணுதிய?"

"சொட்டு" என்று பாட்டிலைக் காட்டினேன்.

"எத்தன?"

"நிமிசத்துக்கு முப்பத்திரண்டு."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை என்று அவள் என்னிடம் கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. காய்ச்சல் அன்றிரவு இறங்கியது. மகள் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் மறுநாள் வாங்க வேண்டிய மருந்துகளைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன்.

ஏழாம் நாள், 26ஆம் தேதி புதன்கிழமை, கல்லை எடுக்க நாள் குறித்தார்கள். மகள் கீழே பணம் கட்டப் போயிருந்தாள். மறுபடியும் அதே படிவம். அதே பத்தொன்பது கேள்விகள். பதினொன்று வரை எழுதினேன். பன்னிரண்டாவதில் நிறுத்தினேன். அப்போது அதே மயக்க மருந்து டாக்டர் உள்ளே வந்து, மனைவியின் தோளைத் தட்டி, "இன்னைக்கு மண்ணு எதுவும் இல்லையேம்மா?" என்று சிரித்தார்.

"அன்னைக்கு மண்ண நான்தான் குடுத்தேன் டாக்டர்" என்றேன். "காலை 5.40. ஒரு சிட்டிகை. தண்ணி ரெண்டு தேக்கரண்டி."

அவர் சிரிப்பு நின்றது. "ரெண்டு தேக்கரண்டின்னா?"

"பத்து மில்லி. மருந்துக் கரண்டியில அளந்து விட்டேன்."

"நான் அரைச் செம்பு தண்ணியாவது குடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்." அவர் கையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா, கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு, பதினோரு மணிக்குள்ள எடுத்திருப்போமே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும்.

"சரி. இன்னைக்கு?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரி 9.30. கஞ்சி ஒரு டம்ளர். அதுக்குப் பெறகு ஒண்ணும் இல்ல." எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, அதோடு விடாமல் மனைவியிடமும் ஒரு தடவை கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் போனதும் அவள் சொன்னாள்:

"அத இப்பம் எதுக்குச் சொல்லுதிய? கேட்டாங்களா?"

"சொல்லணும்னு தோணுச்சு."

"தோணுறதுக்கு ஏழு நாளாயிருக்கு" என்றாள். நாட்களை அவளும் எண்ணியிருக்கிறாள்.

ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. வைத்திருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். கற்களை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்கேனில் நான்கு. டப்பாவில் முழுதாக இரண்டுதான் இருந்தன. மற்றவை எடுக்கும்போதே உதிர்ந்துபோயின என்றார் டாக்டர். பழுப்பு நிறம், விரலில் தேய்த்தால் பொடியாகிவிடும். உதிர்ந்ததை எண்ண முடியவில்லை. நான் மூடியைத் திருகி மூடி, பையில் வைத்துக்கொண்டேன்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில் வந்து சேர்ந்தோம். ஒன்பது நாள். அன்றும் காற்று. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியளா மதினி, எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டிய. மண்ணுதான் காப்பாத்திருக்கு" என்றாள்.

"ஆமா" என்றாள் மனைவி. என் பக்கம் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் புதிதாக ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். மனைவி நெற்றியில் இட்டுக்கொண்டு மீதியை அலமாரியில் வைத்தாள். கல் டப்பாவும் அங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நிறம்.

ஒரு வாரம் இருந்துவிட்டு மகள் ஊருக்குப் போனாள். போகும்போது அம்மாவிடம், "இனிமே மண்ணு கிண்ணுன்னு எதையாவது தின்னு வச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போனாள். டாக்டரிடம் சொன்னதை நான் மகளிடம் சொல்லவில்லை. மனைவியும் சொல்லவில்லை. "சரிட்டி, திங்கல" என்றாள்.

அரிப்பு நின்றுவிட்டது. கண் வெளுத்துவிட்டது. தலைமுடி கைகையாக வந்தது, இப்போது கொஞ்சம் நின்றிருக்கிறது. டம்ளரைத் தூக்கும்போது அவள் கை நடுங்குகிறது. பேச்சில் குறை ஒன்றும் இல்லை, பழையபடி பேசுகிறாள். நான் மாடிப்படி ஏறும்போது எண்ணினால் ஏன் என்று கேட்பதில்லை. இரவில் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. கன்னத்தில் போட்ட அந்த ஊசியின் மரப்பு இன்னும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம் ஒரு துணிப்பையில் கதவுக்குப் பின்னால் தொங்கின. அதை மட்டும் நான் எடுத்துப் பார்க்கவே இல்லை. ஆடி பிறந்த பிறகு ஒரு மத்தியானம் அவள்தான் கேட்டாள்.

"எம்புட்டு ஆச்சு?"

"கூட்டிப் பாக்கல."

"நீங்களா?" என்றாள். பிறகு மெதுவாக எழுந்து போய், பையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "கூட்டுங்க. நான் எம்புட்டுக்குப் பெழச்சேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

எழுபத்தெட்டுச் சீட்டுகள். தேதி வாரியாக அடுக்கினேன். கூட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு தடவை கூட்டினேன். கார் வாடகை சேர்த்து மூன்று லட்சத்து எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

"ஏ யப்பா" என்றாள். பிறகு, "மொதல்ல எம்புட்டு ஆவும்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"போக வர எல்லாம் சேத்து எழுபதாயிரம்."

அவள் காபி போட எழுந்து போனாள்.

நான் தாளில் இரண்டு வரி போட்டேன். எழுபதாயிரத்துக்கு நேராகக் 'கல் எடுத்த செலவு' என்று எழுதினேன். அடுத்த வரியில் விவரம் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. தொகையை மட்டும் எழுதினேன்: ரூ. 2,38,940.